வக்கீல் கூலிக்கும் கணக்குக் கேளுங்கள்

(கம்போங் ராஜாவில் நடந்த சங்கத் தோழர்கள் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை. பால்மரத் தோட்டத் தோழர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



பனி இறங்குகிற இந்த நேரத்தில், நாள் முழுவதும் கொழுந்து எடுத்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நான் பேச வந்தது வக்கீலைப் பற்றி.

கிராணிக்கும் வக்கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆபீசில் செக்ரோல் எழுதுவது என் வேலை. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பினால் வாசலில் யாராவது ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். நான் பேராக்கில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்தவன். மலாய்க் கடிதமும் ஆங்கிலக் கடிதமும் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன். ஆனாலும் என்னிடம் வருகிறார்கள். அப்படி வரும் கடிதங்களில் பாதி வக்கீல் ஆபீஸ் கடிதங்கள்.

சம்பள நாளன்று அரைப்பேர் குறைந்திருந்தால் நாம் சும்மா விடுகிறோமா? கவுண்டரில் நின்று கிராணியைக் கேள்வி கேட்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால் அதே மனிதர் வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு வருகிறார். ஏன்? அந்த வக்கீல் நமக்காக, நம் பணத்துக்கு வேலை செய்பவர். கூலி கொடுக்கிற நாமே ஏன் நடுங்க வேண்டும்?

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். அந்த அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

2021 ஆம் ஆண்டின் கடைசியில் அவர் கணவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஒரு காய்கறி லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பிள்ளைகள் இருவர். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, ஒரு மனிதர் பிஸ்கட் டின்னோடு லயத்துக்கு வந்தார். நம் தமிழர்தான். நெற்றி நிறையத் திருநீறு. "தங்கச்சி, நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. ஈப்போவில் எனக்குத் தெரிந்த பெரிய லோயர் இருக்கிறார். ஒரு காசு நீ செலவழிக்க வேண்டாம். ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். செலவுக்கு என்று 800 வெள்ளியும் வைத்தார். அந்த நேரத்தில் 800 வெள்ளி என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு காகிதங்களை எடுத்தார். ஐந்தாறு தாள்கள். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தவை. தேதி போடும் இடம் காலி. தொகை எழுதும் இடம் காலி. அக்கா கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். "கிராணியாரைக் கூப்பிடுங்கள், படித்தவர்" என்றார்கள்.

தோழர்களே, அந்தச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

நான் படிக்கவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தைப் புரட்டினால் நன்றாயிருக்காது என்று நினைத்தேன். படித்தால் புரியாமல் போய்விடுமோ, பலர் முன்னால் என் இங்கிலீஷ் வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கமும் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. போன் செய்தால் ஏஜெண்டுதான் எடுப்பார். "கேஸ் ஓடுது தங்கச்சி" என்பார். வக்கீலின் முகத்தை அக்கா பார்த்ததே இல்லை. 2024 ஆம் ஆண்டில் ஈப்போவுக்கு வரச் சொன்னார்கள். வழக்கு சமரசமாகிவிட்டது என்றார்கள். பிள்ளைகளின் பங்கு போக அவர் பங்குக்கு 66,000 வெள்ளி என்று ஒரு தாளில் இருந்தது. கையில் வந்த செக்கு 43,500 வெள்ளி. மீதி 22,500 எங்கே? "செலவு" என்று ஒரே சொல். பில் இல்லை, ரசீது இல்லை. படியிறங்கி வந்தால் கீழே காப்பிக் கடையில் ஏஜெண்டு காத்திருக்கிறார். அன்றைக்குக் கொடுத்த 800 இப்போது 2,000 ஆகிவிட்டது என்று கணக்குச் சொல்லி, தன் பங்கு என்று மேலும் 3,000 கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றைக் கேளுங்கள். அக்காவுக்கு மாதாமாதம் வரும் சொக்சோ பணத்தையும் தான்தான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லி, அதிலும் ஒரு பங்கு கேட்டார் அந்த மனிதர்! வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து அது. 1969 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேலை விபத்தாகவே கருதப்படும். இறந்தவரின் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகிறது. அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்தது இதே ஆபீஸ் மேஜையில், இதே பேனாவால். வக்கீலும் வேண்டியதில்லை, ஏஜெண்டும் வேண்டியதில்லை. காசும் கட்டவேண்டியதில்லை. அதற்குப் போய்ப் பங்கு!

செக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சங்கத்துக்கு எழுதினோம். சங்கத்தின் ஆலோசனைப்படி அக்கா பேரில் வக்கீல் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டோம். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. "என் வழக்குக்கான விவரமான பில்லையும், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகையின் கணக்கையும், நான் கையெழுத்திட்ட பத்திரங்களின் நகலையும் தயவுசெய்து அனுப்பவும்." அவ்வளவுதான். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டோம். ஆறு வாரம் கழித்து பில் வந்தது. அதோடு 7,200 வெள்ளிக்கு ஒரு செக்கும் வந்தது. "தவறுதலாகக் கழிக்கப்பட்டது" என்று விளக்கம். கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறு யார் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்?

மேலும் புகார் செய்யலாம் என்று நான் சொன்னேன். அக்கா வேண்டாமென்றார். "போதும் தம்பி, இனி கோர்ட்டு வாசலும் வேண்டாம், ஈப்போ பஸ்ஸும் வேண்டாம்" என்றார். அது அவர் உரிமை.

இனி, அன்று எனக்குத் தெரியாமல் இருந்ததையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

வக்கீல் தொழிலுக்கு இந்த நாட்டில் 1976 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. வக்கீல் அல்லாத ஒருவர், விபத்தில் காயம்பட்டவருக்காகவோ இறந்தவர் குடும்பத்துக்காகவோ நஷ்டஈடு பேசித் தருகிறேன் என்று ஆள் பிடித்துத் திரிவது அந்தச் சட்டத்தின் 37 ஆம் பிரிவின்படி குற்றம். திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் குற்றம்தான். இரண்டாவது, "ஜெயித்தால் மட்டும் கூலி" என்ற பேச்சு. கேட்க இனிக்கிறது. ஆனால் ஜெயித்தால் மட்டுமே கூலி என்று வக்கீல் ஒப்பந்தம் செய்துகொள்வதை அதே சட்டத்தின் 112 ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே அந்த வாக்குறுதியோடு ஒருவர் வீடு தேடி வந்தாலே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் பேரில் வரும் நஷ்டஈட்டுப் பணத்தை வக்கீல் தன் பணத்தோடு கலக்கக்கூடாது. கட்சிக்காரர் பணத்துக்கென்று தனிக் கணக்கு வங்கியில் வைக்கவேண்டும் என்று 1990 ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டோடு வழக்குச் செலவு என்று தனியாக ஒரு தொகை கொடுப்பதும் உண்டு. அந்தத் தொகை எங்கே போனது, நம் கூலியில் கழித்தார்களா என்று கேட்கலாம். பில் அதிகம் என்று பட்டால் உயர் நீதிமன்றப் பதிவாளர் முன் அதைச் சரிபார்க்கச் சொல்லவும் வழி உண்டு. வக்கீல் நேர்மை தவறினால் கோலாலம்பூரில் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியம் இருக்கிறது.

வயது வராத பிள்ளைகளின் பங்கை யாரும் தன்னிச்சையாகப் பேசி முடிக்க முடியாது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அக்காவின் பிள்ளைகள் பணம் தப்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன். யார் கையும் படாமல் வங்கி வைப்பில் கிடக்கிறது.

இறந்தவர் குடும்பத்தின் நஷ்டஈட்டு வழக்குக்குக் கெடு 3 ஆண்டு. 1956 ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 7 ஆம் பிரிவு. கணவனையோ மனைவியையோ இழந்த துயரத்துக்காக மட்டும் கிடைக்கும் தொகை முன்பு 10,000 வெள்ளியாக இருந்து, 2019 செப்டம்பரிலிருந்து 30,000 வெள்ளியாயிற்று. பழைய கணக்கைச் சொல்லி யாராவது ஏமாற்றினால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டு இருக்கிறது என்றால் என்ன பொருள்? பதினாறாம் நாளுக்கு முன்னால் கையெழுத்துப் போடவேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. அவசரம் ஏஜெண்டுக்குத்தான். அடுத்த ஏஜெண்டு வந்துவிடுவானே என்ற அவசரம்!

ஆனால் உண்மையிலேயே அவசரமான கெடு ஒன்று இருக்கிறது. அதை நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். என் உறவினர் ஒருவர் கீழே பால் வெட்டுகிறவர். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நேரே டவுனுக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தார். பார்த்துப் பேச 300 வெள்ளி, முன்பணம் 1,500 வெள்ளி. "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். அடுத்த வாரம் போனால் வக்கீல் கோர்ட்டில். அதற்கடுத்த வாரம் பெருநாள் லீவு. கடைசியில் மனு தயாரானபோது, நிறுத்திய நாளிலிருந்து 63 நாள் ஆகியிருந்தது. 1967 ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20 ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் மனுப் போடவேண்டும். 61 ஆம் நாள் போனால் கதவு மூடிவிட்டது. கண்ணீர் விட்டாலும் திறக்காது.

கொடுமை என்னவென்றால், அந்த மனுவுக்கு வக்கீலே வேண்டியதில்லை. தொழில் உறவு இலாகாவில் கொடுக்கவேண்டிய மனு அது. சம்பள பாக்கிக்குப் போகிற தொழிலாளர் இலாகா வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டும் பலர் நாளைத் தொலைக்கிறார்கள். இலாகாவில் நடக்கும் சமரசப் பேச்சில் தொழிலாளிக்காகச் சங்க அதிகாரி உட்காரலாம், வக்கீல் உட்கார இடமில்லை. பேச்சு முறிந்தால், 2021 ஜனவரி முதல், மந்திரியின் முடிவுக்குக் காத்திராமல் வழக்கு நேரே தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறது. சங்கச் சந்தா கட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். சங்கத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். "சங்கம் என்ன செய்யும், லோயர் வைத்தால்தான் பயப்படுவான்" என்று நினைத்துவிட்டார்.

சம்பள பாக்கி, ஓவர்டைம் போன்றவற்றுக்கும் 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி தொழிலாளர் இலாகாவில் தொழிலாளியே நேரில் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் என்றாலே திருடன் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் இருந்தார்கள். டி.ஆர். சீனிவாசகம் 1969 இல் காலமானார், அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம் 1975 இல். ஏழைகளுக்காகக் காசு பார்க்காமல் வாதாடியவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். டி.ஆர். பெயரில் ஈப்போவில் ஒரு பூங்காவே இருக்கிறது. நம் தாத்தாமார் அவர்கள் பேரைச் சொல்லும்போது குரலே மாறும். ஏஜெண்டு விற்பதும் அந்த நம்பிக்கையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "ஈப்போ லோயர்" என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சீனிவாசகம் நினைவு வந்துவிடுகிறது.

இந்தக் காலத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் ஓர் ஆளுக்குக் கவாத்துக் கத்தி பட்டு விரல் போய்விட்டது. கம்பெனி மீது கேஸ் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நானே கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்ப் பள்ளியில் படித்த இளம் பெண் வக்கீல். அரை மணி நேரம் கேட்டார். "அண்ணே, சொக்சோவில் இருக்கிற தொழிலாளி இந்த மாதிரி வேலைக் காயத்துக்கு முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் சொக்சோவுக்கே போங்கள், நிரந்தர ஊனத் தொகை கேளுங்கள்" என்று சொல்லி, எந்தப் பாரம், என்னென்ன இணைக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "இதற்கு என்ன, பஸ்ஸுக்கு நேரமாகிறது, போங்கள்" என்றார்.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் ஆட்களிடம் உங்களுக்கு என்ன குறை? சிரித்தார். பிறகு சொன்னார். முழு உண்மையைச் சொல்வதில்லையாம். வண்டி ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பதை மறைத்துவிடுவார்கள். கோர்ட்டில் எதிர் வக்கீல் அதை எடுத்துப் போடும்போது நம் வக்கீல் முகத்தில் ஈயாடாது. போன் நம்பரை மாற்றிவிட்டுச் சொல்லமாட்டார்கள். கோர்ட்டுத் தேதியன்று வரமாட்டார்கள். கேட்டால் மச்சான் வீட்டுக் கலியாணம் என்பார்கள். ஒருவருக்குப் பதில் ஐந்து பேர் வந்து ஐந்து கதை சொல்வார்கள். போலீஸ் புகார் நகலைக் கேட்டால் மழையில் நனைந்துவிட்டது என்பார்கள். இதெல்லாம் பொய்யா, தோழர்களே? நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

சின்ன ஊரில் இன்னொரு சங்கடம். இந்த மலையில் மாஜிஸ்திரேட் கோர்ட் தானா ராத்தாவில் இருக்கிறது. ஆனால் வக்கீல் தேடும்போது பலர் ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ இறங்கவேண்டியிருக்கிறது. சின்ன ஊரில் வக்கீல்கள் சில பேர்தான். நீங்கள் போய் நிற்கும் வக்கீலே உங்கள் கம்பெனிக்கும் காகிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆகவே உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "ஐயா, நீங்கள் எங்கள் தோட்டக் கம்பெனிக்கோ, மோதிய லாரிக்காரருக்கோ வேலை செய்கிறீர்களா?" இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆம் என்றால் நல்ல வக்கீல் தானே ஒதுங்கிக்கொள்வார்.

அடுத்தது கூலி. மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கோர்ட்டுக் கட்டணம், டாக்டர் ரிப்போர்ட் செலவு எதில் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது. தேதியோ தொகையோ காலியாக இருக்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். மலாயில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சத்தியப் பத்திரம் வாங்கினால், அதை அவர் முன்னால் படித்துக் காட்டி, அவருக்கு விளங்கியது என்று அந்தப் பத்திரத்திலேயே குறிக்கவேண்டும் என்று 2012 ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளே சொல்கின்றன. கைநாட்டு வைப்பவரும் "படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க உரிமை உள்ளவர்தான். வக்கீலுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ் உண்டு. ஆள் உண்மையில் வக்கீல்தானா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் உங்கள் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

வக்கீல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், 14 நாளில் வீட்டைக் காலி செய் என்ற வக்கீல் கடிதத்தைப் பார்த்து மறுநாளே சட்டி பானையைக் கட்டிவிட்டார். அது கோர்ட்டு உத்தரவு அல்ல. ஒரு தரப்பின் வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். குப்பையில் போடவும் கூடாது, பயந்து ஓடவும் கூடாது. எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

காசே இல்லை என்பவருக்கு 1971 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசாங்கச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. குடும்ப வழக்கு, இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அதிகாரப் பத்திரம் போன்றவற்றுக்கு அங்கே போகலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உண்டு. போலீஸ் பிடித்துப் போனால், 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் வழியாக வக்கீல் கேட்கலாம். வருமான வரம்பு உண்டு. நம் சம்பளத்துக்கு அது பெரும்பாலும் தடையாக இராது. நம்மோடு கொழுந்து எடுக்கும் வங்காளதேசத் தோழர்களும் நேப்பாளத் தோழர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. நாம்தான் சொல்லவேண்டும். ஏஜெண்டு அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

கடைசியாகக் கிராணிமார்களுக்கு. இந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். பத்திரிகையில் படிப்பவர்கள் இன்னும் பலர். சாட்சிக் கையெழுத்துக்கு நம்மைத்தான் கூப்பிடுவார்கள். படித்தவர் என்று கூப்பிடுவார்கள். "எனக்கு இது புரியவில்லை, நகல் கொடுங்கள், நாளைக்குச் சொல்கிறேன்" என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் என் மானம் ஒன்றும் போயிருக்காது. அந்த அக்கா இன்றும் என்னைப் பார்த்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ தம்பி என்கிறார். எனக்குத்தான் அந்த வீட்டு வாசலில் கால் வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நானும் சங்கச் செயலாளரும் இதே மண்டபத்தில் மேஜை போட்டு உட்காருகிறோம். வக்கீல் கடிதம், சொக்சோ காகிதம், போலீஸ் புகார், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பிஸ்கட் டின்னில் வைத்திருப்பவர்கள் டின்னோடு எடுத்து வாருங்கள். வேலை நிறுத்தப்பட்டவர்கள் மட்டும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து நாளைச் சொல்லுங்கள், எண்ணிப் பார்த்துவிடலாம்.